பல்லுக்குள் என்ன போட்டீர்கள் என்று கேட்போம்

எங்கள் வடுகபட்டியில் "பல்" என்று சொன்னால் பலருக்கு முதலில் நினைவுக்கு வருவது பூண்டுதான். "ரெண்டு பல்லு தட்டிப் போடு" என்றால் அது ரசத்துக்கு. இங்கே பூண்டுக் கடையில் யாரும் கண்ணை மூடிக்கொண்டு மூட்டை வாங்குவதில்லை. ஒரு பூண்டைக் கையில் எடுத்துக் கனம் பார்ப்பார்கள், அமுக்கிப் பார்ப்பார்கள், ஒரு பல்லை உரித்து முகர்ந்து பார்ப்பார்கள். கொடைக்கானல் மலைப்பூண்டா, வடக்கேயிருந்து வந்த சரக்கா என்று கேட்பார்கள். சொத்தை கலந்திருந்தால் விலை பேசவே மாட்டார்கள்.

அதே ஆட்கள் சொந்தப் பல் சொத்தையாகி டாக்டரிடம் போனால் கேட்பது இரண்டே கேள்விதான். "எவ்வளவு ஆகும்? வலிக்குமா?" கொஞ்சம் விவரமானவர்கள் மூன்றாவதாக, "கேப்புக்கு எத்தனை வருஷம் கேரண்டி?" என்பார்கள். பல்லுக்குள்ளே என்ன வைத்தீர்கள் என்று கேட்ட ஒருவரைக்கூட நான் பார்த்ததில்லை. அதைக் கேட்க வேண்டும், பதிலை எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும் என்பது என் கட்சி. ஏன் என்று சொல்கிறேன்.

நான் டாக்டர் இல்லை. பொதுப்பணித் துறையில் 34 வருடம் ஓவர்சியராக இருந்தவன். ஆனால் வேர் சிகிச்சை என்பது எங்கள் வேலைக்கு அவ்வளவு தூரத்துச் சொந்தம் இல்லை. பல்லுக்கு வெளியே எனாமல் என்ற ஓடு. அதற்குள் டென்டின் என்ற சுவர். நடுவில் ரத்தக் குழாயும் நரம்பும் ஓடும் பற்கூழ். சொத்தை கூழ் வரை போய்விட்டால் கூழ் அழுகும், வேர் நுனி வழியாகக் கிருமி தாடை எலும்புக்குள் இறங்கும். அப்போதுதான் நம்மைத் தூங்கவிடாத அந்த வலியும் வீக்கமும். டாக்டர் செய்வது மூன்று வேலை. அழுகிய கூழை எடுப்பது, அந்தக் குழாயைக் கழுவுவது, மறுபடி ஒரு சொட்டுகூடப் புகாமல் அடைப்பது. வாய்க்காலைத் தூர்வாரி, கசிவை அடைக்கிற வேலைதான். தூர்வாரியதில் குறை இருந்தால் மேலே எவ்வளவு அழகாகப் பூசினாலும் கசியும். நாம் காசு கொடுத்துப் பெருமையாகக் காட்டும் கேப், மேல் பூச்சு.

முதலில் கழுவுவதைப் பார்ப்போம். அதற்கு உலகம் முழுக்கப் பயன்படும் திரவம் சோடியம் ஹைப்போகுளோரைட். துணி வெளுக்கும் பிளீச் திரவத்தில் இருக்கிற அதே பொருள், பல்லுக்கு ஏற்ற அளவில் கரைத்தது. முதல் உலகப் போரில் சிப்பாய்களின் காயங்களைக் கழுவ இதைத்தான் பயன்படுத்தினார்கள். இது கிருமியைக் கொல்லும், செத்த கூழையும் கரைக்கும். வெறும் உப்புத் தண்ணீரான சலைன் இந்த இரண்டையும் செய்யாது. ஹைப்போகுளோரைட் வாய்ச் சதையில் பட்டால் எரியும். அதனால் பல்லை மட்டும் வெளியே நீட்டவிட்டு, மற்ற வாயை மறைக்க ஒரு மெல்லிய ரப்பர் தாளைக் கட்டுவார்கள். 1864-இல் அமெரிக்காவில் ஒரு பல் வைத்தியர் கண்டுபிடித்தது. பெயர் ரப்பர் டேம். அணையேதான்! எச்சில் பல்லுக்குள் போகாது, மருந்தும் ஊசியும் தொண்டைக்குள் போகாது. கண்டுபிடித்து 160 வருடம் ஆகியும் அதைக் கட்டாமலே வேலை செய்கிற இடங்கள் இருக்கின்றன. கட்டுவீர்களா என்று கேட்பதில் தப்பே இல்லை.

அடுத்து அடைக்கும் பொருள். வேர் சிகிச்சை செய்துகொண்டவர்கள் எக்ஸ்ரேயில் வெள்ளைக் கோடு ஒன்றைப் பார்த்திருப்பீர்கள். அது குட்டாபெர்ச்சா. மலாய்ப் பகுதிக் காடுகளில் வளரும் ஒரு மரத்தின் பால். 1843 வாக்கில் சிங்கப்பூரிலிருந்து ஐரோப்பாவுக்குப் போனது. வெந்நீரில் இளகும், ஆறினால் இறுகும், உப்புத் தண்ணீரில் கெடாது. அதனால் கடலடித் தந்திக் கம்பிகளுக்கெல்லாம் உறை போட்டார்கள். 1870–71-இல் சென்னையிலிருந்து பினாங்கு வழியாக சிங்கப்பூருக்குக் கடலடியில் கம்பி போட்டார்களே, அதற்கும் இதே பால்தான் உறை. 1867-இல் அமெரிக்காவில் பௌமன் என்ற பல் மருத்துவர் இதை வேர்க் குழாய்க்குள் வைத்தார். கடலுக்கடியில் இப்போது பிளாஸ்டிக் வந்துவிட்டது. பல்லுக்கடியில் இன்னும் குட்டாபெர்ச்சாதான் ஆட்சி. இன்றைய குச்சியில் மரப்பால் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்குதான். பெரும்பகுதி துத்தநாக ஆக்சைடு. எக்ஸ்ரேயில் தெரிவதற்காக வேறு உப்புகளும் உண்டு.

நம் மலைக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. மேகமலையின் பசுமைமாறாக் காட்டில் பலாக்கியம் எலிப்டிகம் என்று தாவரவியல்காரர்கள் சொல்லும் உயரமான மரம் நிறைய இருக்கிறது. இலுப்பைக் குடும்பம். குட்டாபெர்ச்சா மரத்துக்கு ஒன்றுவிட்ட தம்பி. சென்னை மாகாணத்தின் முதல் வனப் பாதுகாவலர் ஹியூ கிளெக்கார்ன், மேற்கு மலைகளின் இந்த மரம் மலாய்ச் சரக்குக்கு ஈடாகுமா என்று ஆராய்ந்து 1858-இல் ஓர் அறிக்கையே எழுதினார். வியாபாரம் வரவில்லை. மலாய்க் காடுகளில் தந்திக் கம்பிக்காக மரங்கள் கணக்கில்லாமல் வெட்டப்பட்டதை நினைத்தால், நம் மலை தப்பியது நல்லதுதான் என்று தோன்றுகிறது.

குட்டாபெர்ச்சாவின் பெரிய குணம், வேண்டுமானால் வெளியே எடுத்துவிடலாம் என்பது. சூடு காட்டினாலும் கரைப்பான் விட்டாலும் இளகும். பத்து வருடம் கழித்து வேரில் மறுபடி சீழ் வந்தால் பழையதைத் தோண்டி எடுத்து, கழுவி, புதிதாக அடைக்கலாம். எல்லாப் பொருளும் அப்படி இல்லை. இங்கே என் வீட்டுக் கதையைச் சொல்ல வேண்டும்.

1987-இல் என் மனைவிக்குக் கீழ்க் கடைவாய்ப் பல் ஒன்றுக்கு வேர் சிகிச்சை நடந்தது. எந்த ஊர், எந்த கிளினிக் என்பதெல்லாம் வேண்டாம். சீட்டு எதுவும் தரவில்லை, அந்தக் காலத்தில் யாரும் கேட்பதும் இல்லை. 27 வருடம் கழித்து அந்தப் பல் வீங்கியது. புதிதாகப் பார்த்த பெண் டாக்டர் எக்ஸ்ரே எடுத்து, பல்லைத் திறந்து அரை மணி நேரம் போராடினார். பிறகு என்னிடம் வந்து, "அய்யா, உள்ள செங்கல் கலர்ல கல்லு மாதிரி ஏதோ இருக்கு. எந்தக் கரைப்பானுக்கும் இளக மாட்டேங்குது. என்ன போட்டாங்கன்னு சீட்டு ஏதாவது இருக்கா?" என்றார். இல்லை. அது பெரும்பாலும் ரெசார்சினாலும் ஃபார்மலினும் கலந்த பழைய பசையாக இருக்கும் என்றார். ரஷ்யப் பக்கம் மலிவாகப் பரவலாக இருந்த முறை, நம் நாட்டிலும் புழங்கியதாம். பல்லைச் சிவக்க வைக்கும், உள்ளே கல்லாகிவிடும், அதைக் கரைக்கும் மருந்து கிடையாது. வலிந்து குடைந்தால் வேர் ஓட்டையாகும். வேறு வழியில்லாமல் பல்லைப் பிடுங்கினோம்.

வீட்டுக்கு வந்து பஞ்சைக் கடித்தபடியே அவள் சொன்னாள். "வீட்டுக்குப் போட்ட செங்கல் எந்தச் சூளைன்னு உங்களுக்குத் தெரியும். என் வாயில போட்டது எந்தச் சூளைன்னு யாருக்குத் தெரியும்?"

அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. அன்றிலிருந்துதான் இந்த விஷயத்தைத் தேடிப் படிக்க ஆரம்பித்தேன்.

படித்ததில் என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது சிமெண்ட்! கலிபோர்னியாவில் லோமா லிண்டா பல்கலைக்கழகத்தில் மஹ்மூத் தொராபினெஜாத் என்ற பேராசிரியர் 1993-இல் எம்.டி.ஏ. என்ற பொருளை அறிமுகப்படுத்தினார். நூற்றுக்கு 75 பங்கு போர்ட்லண்ட் சிமெண்ட், 20 பங்கு பிஸ்மத் ஆக்சைடு, 5 பங்கு ஜிப்சம். பிஸ்மத் எக்ஸ்ரேயில் தெரிவதற்கு. நாங்கள் மூட்டை மூட்டையாகக் கொட்டியதை அவர்கள் கிராம் கணக்கில் விற்கிறார்கள். சிமெண்டுக்குத் தண்ணீர் வேண்டும் என்பது கொத்தனாருக்குத் தெரியும். வேர் நுனி எப்போதும் ஈரமாக இருக்கும் இடம். மற்ற பொருள்கள் ஈரத்தில் தோற்கும் இடத்தில் இது இறுகுகிறது. இறுகும்போது சுண்ணாம்பை வெளியே விடுகிறது. அந்தச் சுண்ணாம்பில் கிருமி வாழாது, அதை ஒட்டி உடம்பு தன் சொந்தக் கடினத் திசுவைக் கட்டிக்கொள்கிறது. பல்லின் அடியில் ஓட்டை விழுந்தாலும், வேர் நுனி அடையாமல் இருந்தாலும் இதுதான் இன்று கைகொடுக்கிறது. குறையும் உண்டு. முதலில் வந்த சரக்கு இறுக இரண்டே முக்கால் மணி நேரம் எடுத்தது, பல்லைச் சாம்பல் நிறமாக்கியது. பிறகு பிஸ்மத் இல்லாமல், கால் மணிக்குள் இறுகும் பயோடென்டின் போன்றவை வந்தன. இதைப் படித்துவிட்டு யாரும் வீட்டுச் சிமெண்டை நினைக்க வேண்டாம். கட்டடச் சிமெண்டில் ஈயமும் ஆர்செனிக்கும் கலந்திருக்கலாம். பல்லுக்கு வருவது சுத்திகரித்து, பொடியாக்கி, கிருமி நீக்கியது.

அந்தச் சுண்ணாம்பும் நமக்குப் புதிதல்ல. வெற்றிலைக்குத் தடவுகிறோமே அதே நீர்த்த சுண்ணாம்பு, கால்சியம் ஹைட்ராக்சைடு. 1920-இல் ஜெர்மனியில் ஹெர்மன் என்பவர் பல்லுக்குள் வைக்க ஆரம்பித்தார். இன்றும் இரண்டு சிட்டிங்குக்கு நடுவே வைக்கும் மருந்து பெரும்பாலும் அதுதான். அதற்காகப் பல் வலிக்குச் சுண்ணாம்பு வைத்து ஈறை வேகவைத்துக்கொள்ளாதீர்கள். பூண்டை நசுக்கி வைப்பதும் அப்படித்தான், ஈறு வெந்துவிடும். ஊர்ப் பெருமைக்காக அதைச் சொல்லாமல் விட முடியாது. கிராம்பு வேறு. அதன் எண்ணெயில் இருக்கும் யூஜினாலைத் துத்தநாக ஆக்சைடோடு குழைத்து டாக்டர்களே வைக்கிறார்கள். அதிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. யூஜினால் பட்ட இடத்தில் பல் நிறத்து ரெசின் சரியாக இறுகாது. முதல் டாக்டர் கிராம்புக் கலவை வைத்திருக்கிறார் என்று இரண்டாவது டாக்டருக்குத் தெரிய வேண்டுமா, வேண்டாமா?

இதுவரை சொன்னது நம் வயதுக்காரர்களுக்கு. இனி பேரப்பிள்ளைகளுக்கு. இது அதைவிட முக்கியம்.

என் மகள் வயிற்றுப் பேரன் எட்டு வயதில் பள்ளி மைதானத்தில் விழுந்து மேல் முன்பல் உடைந்தது. சில மாதத்தில் பல் கறுத்து, ஈறில் சீழ்க் கொப்புளம் வந்தது. முதலில் காட்டிய இடத்தில், "பிடுங்கிருவோம், 18 வயசுக்கு மேல இம்ப்ளான்ட் வச்சுக்கலாம்" என்றார்கள். பத்து வருடம் ஓட்டைப் பல்லோடு ஒரு பையன் எப்படிச் சிரிப்பான்? மதுரையில் வேர் சிகிச்சையில் எம்.டி.எஸ். படித்த ஒரு நிபுணரிடம் மகள் கூட்டிப் போனாள். நானும் போனேன்.

அவர் எக்ஸ்ரேயைக் காட்டி விளக்கினார். முன்பல் ஏழெட்டு வயதில் முளைத்தாலும் அதன் வேர் முழுசாக வளர இன்னும் மூன்று வருடம் வேண்டும். பையனின் வேர் நுனி நாதஸ்வரத்தின் அடிப்பக்கம் போல விரிந்து கிடந்தது. சுவர் முட்டை ஓடு மாதிரி மெல்லியது. அதில் குட்டாபெர்ச்சாவை வைத்தால் கீழே நழுவிவிடும். வழி மூன்று என்றார். ஒன்று, சுண்ணாம்பு மருந்தை மாற்றி மாற்றி வைத்து நுனி மூடும்வரை மாதக்கணக்கில் காத்திருப்பது. ஆனால் நீண்ட நாள் சுண்ணாம்பு டென்டினைப் பலவீனமாக்கும். இரண்டு, நுனியில் எம்.டி.ஏ. கட்டை அடைப்பது. சீக்கிரம் முடியும், ஆனால் வேர் அதே மெல்லிய சுவரோடு நின்றுவிடும். மூன்று, உள்ளே அதிகம் சுரண்டாமல் கழுவி, மருந்து வைத்துக் கிருமியை ஒழித்து, பிறகு வேர் நுனிக்கு அப்பால் மெல்லக் கீறி ரத்தத்தைக் குழாய்க்குள் வரவழைத்து உறைய விடுவது. அதன் மேல் எம்.டி.ஏ. மூடி. அந்த ரத்தத்தோடு வேர் நுனியில் இருக்கும் மூல செல்களும் வரும். அவை புதுத் திசுவை உண்டாக்கலாம். ஜப்பானில் 2001-இல் இவாயாவும் சகாக்களும், அமெரிக்காவில் 2004-இல் பாங்க்ஸும் ட்ரோப்பும் எழுதிய பிறகு பரவிய முறை இது.

மூன்றாவதைச் செய்தோம். நாலு சிட்டிங். ஒன்றரை வருடம் கழித்து எடுத்த எக்ஸ்ரேயில் நுனியைச் சுற்றி எலும்பு நிறைந்திருந்தது, வேர்ச் சுவர் கொஞ்சம் தடித்திருந்தது. கொப்புளம் போனது. பல் லேசாகச் சாம்பல் நிறம். பையனுக்கு அது பொருட்டே இல்லை.

எனக்குப் பிடித்தது, அந்த டாக்டர் அதிகமாக எதையும் வாக்குக் கொடுக்கவில்லை. "உள்ள வளர்றது பழைய பற்கூழேதான்னு சொல்ல முடியாதுங்க. எலும்பு மாதிரித் திசுவாவும் இருக்கலாம். எல்லாப் பிள்ளைங்களுக்கும் வேர் நீளாது. வருஷா வருஷம் பாக்கணும்" என்றார். இப்படிச் சொல்கிறவரை நம்பலாம். வாட்ஸ்அப்பில் "ஜப்பானில் பல் முளைக்க மருந்து வந்துவிட்டது" என்று சுற்றுகிறதே, அதையும் இந்தத் தராசில்தான் நிறுக்க வேண்டும். 2024-இல் கியோட்டோவில் மனிதர்களிடம் முதல் கட்டச் சோதனை தொடங்கியது உண்மை. அது மருந்து பாதுகாப்பானதா என்று பார்க்கும் சோதனை. அதை நம்பி இன்று இருக்கும் பல்லை விட்டுவிடக் கூடாது.

பொருள் என்றால் விலை உயர்ந்தது மட்டுமல்ல. மிக மலிவானது உயிரை எடுத்திருக்கிறது. 2022–23-இல் திருப்பத்தூர் மாவட்டத்தில் மூளையைத் தாக்கும் மெலியாய்டோசிஸ் என்ற நோய் பலருக்கு வந்தது. மண்ணிலும் நீரிலும் வாழும் கிருமியால் வருவது. அவர்களில் பத்துப் பேர் வாணியம்பாடியில் ஒரே பல் கிளினிக்குக்குப் போனவர்கள். அந்தப் பத்தில் எட்டுப் பேர் இறந்தார்கள். மருத்துவ ஆய்வாளர்கள் 2025-இல் வெளியிட்ட கட்டுரை காரணத்தைச் சொன்னது. சலைன் பாட்டிலை, கிருமி நீக்காத பல் கருவியால் குத்தித் திறந்து, அரைகுறையாக மூடி வைத்து, மறுபடி மறுபடி பயன்படுத்தியிருக்கிறார்கள். சில ரூபாய் பாட்டில்! "இது புது பாட்டிலா?" என்று நாற்காலியில் உட்கார்ந்திருந்த யாராவது ஒருவர் கேட்டிருந்தால் என்ற எண்ணம் எனக்கு இன்னும் போகவில்லை.

"டாக்டரைப் போய்க் கேள்வி கேட்கிறதா? கோபித்துக்கொள்ள மாட்டாரா?" என்று நம்மில் பலர் தயங்குவார்கள். சைட்டில் நான் சிமெண்ட் மூட்டையின் தேதியைப் பார்த்தபோது நல்ல காண்ட்ராக்டர் எவரும் முகம் சுளித்ததில்லை. சுளித்தவரிடம் இரண்டாவது மூட்டையையும் பிரித்துப் பார்ப்பேன். டாக்டரும் அப்படியே. தொழில் தெரிந்தவர் கேட்டதும் உற்சாகமாகச் சொல்கிறார்.

"அதெல்லாம் காசு அதிகம், பிடுங்கினால் முடிந்தது" என்பது இன்னொரு பதில். சில பல்லைப் பிடுங்கித்தான் ஆக வேண்டும். வேர் நெடுக்காக விரிசல் விட்டால் எந்தப் பொருளும் காப்பாற்றாது. ஆனால் எல்லாப் பல்லுக்கும் விலை உயர்ந்த சிமெண்ட் வேண்டும் என்றும் நான் சொல்லவில்லை. பெரியவர்களின் சாதாரண வேர் சிகிச்சைக்கு ஒழுங்காகக் கழுவி அடைத்த குட்டாபெர்ச்சா போதும். பிடுங்குவதற்கு நம் வயதில் தனி ஆபத்தும் உண்டு. எலும்புத் தேய்மானத்துக்குச் சில ஊசி, மாத்திரைகள் எடுப்பவர்களுக்குப் பல் பிடுங்கிய இடம் ஆறாமல் தாடை எலும்பே அழுகலாம். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள், சர்க்கரை உள்ளவர்கள் எல்லோரும் அதை முதலிலேயே டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும். மாத்திரையை நீங்களாக நிறுத்தவும் கூடாது. மேல் பல்லைப் பிடுங்கினால் கண் போகும் என்று பயப்படுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். கண் போகாது, ஆனால் பல் போனால் சாப்பாடு போகும்.

ஆக, நாற்காலியில் சாயும் முன்பே கேட்க வேண்டியவை இவைதான். எந்தப் பல்? பல்லுக்கு எண் உண்டு. மேல் வலது முன்பல் 11, கீழ் இடது முதல் கடைவாய்ப் பல் 36. ரப்பர் டேம் கட்டுவீர்களா? எதனால் கழுவுவீர்கள், பாட்டில் புதிதா? எதை வைத்து அடைப்பீர்கள்? முடித்ததும் எக்ஸ்ரே உண்டா? பிறகு அந்தப் பதில்களைத் தேதியோடு ஒரு சீட்டில் எழுதித் தரச் சொல்லுங்கள். நாலு வரி, இரண்டு நிமிட வேலை. கண்ணில் வைக்கும் லென்ஸுக்கு அட்டை தருகிறார்கள், இதய ஸ்டென்டுக்கு ஸ்டிக்கர் ஒட்டித் தருகிறார்கள். பல்லுக்கு மட்டும் ஏன் கேப் கேரண்டி அட்டையோடு நிறுத்த வேண்டும்? சட்டம் போட்டுக் கட்டாயமாக்கினால் நல்லது. அதுவரை நாமாகக் கேட்டு வாங்கலாம்.

எங்கள் வீட்டில் இப்போது ஒரு பிளாஸ்டிக் உறை இருக்கிறது. வீட்டு வரி ரசீதோடு சேர்த்து பீரோவில் வைத்திருக்கிறோம். என் மூன்று பல், அவளுடைய இரண்டு பல், பேரனின் ஒரு பல். பேரன் சீட்டில் "11 – எம்.டி.ஏ." என்று இருக்கிறது, கீழே அடுத்த எக்ஸ்ரே தேதி. நாளைக்கு அவன் சென்னையிலோ சிங்கப்பூரிலோ வேலை பார்க்கும்போது ஒரு புது டாக்டர் அந்தப் பல்லைத் திறக்க நேர்ந்தால், உள்ளே இருப்பது என்ன என்று அவருக்குத் தெரியும்.